சாமான் பையும் சிநேகிதியும்

கொழும்பு வெள்ளவத்தையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பின்னேரம் நாலு மணிக்குக் காலி வீதியில் வெறுங்கையோடு நடந்தால், எதிரே வரும் தெரிந்தவர் கேட்கும் முதற் கேள்வி "எங்கை போறியள்?" என்பது. அதே பெண்ணின் கையில் பை இருந்தால் அந்தக் கேள்வி எழாது. எழுந்தாலும் "என்ன, மாக்கற்றுக்கோ?" என்று பதிலையும் தன்னோடு கூட்டிக்கொண்டே வரும். கோயிலுக்குப் போவதும் சாமான் வாங்கப் போவதுந்தான் எங்கள் வீடுகளில் பெண்கள் யாரிடமும் கேளாமல் கிளம்பக்கூடிய பயணங்கள். கோயிலுக்கு நேரக் கணக்கு உண்டு. பூசை முடிந்தால் திரும்ப வேண்டும். சந்தையில் அப்படி மணி அடிப்பதில்லை. கூட ஒரு சிநேகிதியும் சேர்ந்துவிட்டால் அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். மிஞ்சுகிற அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் பெண்களும் தெருவும் பற்றிச் செய்த ஆய்வு 2011இல் 'வை லொய்ட்டர்?' என்ற நூலாக வந்தது. அவர்கள் கண்டது நமக்குப் புதிதல்ல, ஆனால் யாரும் அதை அவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்கவில்லை. ஆண் தெருமுனையில் நிற்கலாம், மதிலில் சாயலாம், ஒரு தேத்தண்ணியை முக்கால் மணி நேரம் குடிக்கலாம். பெண் வெளியே வந்தால், வந்த காரணம் பார்த்தவுடனே தெரிய வேண்டும்: வேகமான நடை, கையில் பை, இடுப்பில் பிள்ளை, காதில் போன். காரணமில்லாமல் நிற்கும் பெண்ணை நகரம் ஏற்பதில்லை. அதனால் பெண்கள் காரணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மிக மலிவாகக் கிடைக்கும் காரணம் அரைக் கிலோ பயித்தங்காய்.

இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகின்றன என்பதை அது எண்களில் காட்டிற்று. அந்த வேலைகளில் சமையல், துவையல், கூட்டல், பெருக்கல் எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. சாமான் வாங்குவது ஒன்றுதான் வாசலைத் தாண்டுகிறது. வாசலுக்கு வெளியே காத்திருப்பதும் சுகமான உலகமல்ல. அதே 2017இல் ஐ.நா. சனத்தொகை நிதியம் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 சதவீதம். தனியே போகத் தயங்கும் பெண் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பேச்சுத் துணை மட்டும் காரணமல்ல. சன நெருக்கமான பஸ்ஸில் ஒருத்தி இடிபட்டால் மற்றவள் சத்தம் போடுவாள். அந்த உறுதியில்தான் பல பயணங்கள் தொடங்குகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய பெண்களுக்கு இந்தச் சாமான் பை பரம்பரையாகக் கிடைத்ததும் அல்ல. ஊரில் நடுத்தர வர்க்க வீடுகளுக்கு மீனும் மரக்கறியும் பெரும்பாலும் ஆண்களின் சைக்கிளில் வந்தன. காலையில் சைக்கிள் காண்டிலில் பனையோலை உமல் தொங்கும். திரும்பி வரும்போது உமலுக்கு வெளியே மீன் வால் தெரியும். திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ சந்தையில் உட்கார்ந்து விற்ற பெண்கள் நிறையப் பேர். வாங்கப் போன பெண்கள் குறைவு, அதிலும் 'நல்ல குடும்பம்' என்று தம்மைச் சொல்லிக்கொண்ட வீடுகளிலிருந்து போனவர்கள் மிகக் குறைவு. சாதியும் அந்தஸ்தும் சேர்ந்து போட்ட கோடு அது. ரே ஓல்டன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல், வீடும் வேலைத்தலமும் அல்லாத மூன்றாவது இடம் ஒன்று மனிதருக்கு வேண்டும் என்று எழுதினார். அவர் காட்டிய மதுக்கடைகள், சிகை அலங்கார நிலையங்கள், கோப்பிக் கடைகளில் ஆண்களின் குரலே ஓங்கிக் கேட்கிறது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் வாசிகசாலை இருந்தது, சந்தி மதகு இருந்தது. அங்கும் ஆண்கள்தான். பெண்களுக்குக் கிணற்றடியும், கோயில் வீதியும், இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலிப் பொட்டும். ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கப் போகிற சாட்டில் அந்தப் பொட்டுக்குள்ளால் எத்தனை கதை கடந்துபோயிருக்கும்!

கொழும்புத் தொடர்மாடியில் வேலியும் இல்லை, பொட்டும் இல்லை. எதிர்வீட்டுக் கதவில் இரும்புக் கிராதி, லிஃப்டில் முகம் தெரியாத ஆட்கள்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பலர் கப்பலில் வடக்கே போனார்கள், பலர் வெளிநாடு போனார்கள். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரயில் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அதற்குப் பின்னர் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்களில் ஆண் துணையில்லாத பெண்கள் ஏராளம். கணவன் சுவிஸிலோ கனடாவிலோ இருப்பார். இவள் பிள்ளைகளோடு லொட்ஜில் அல்லது வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருப்பாள். உண்டியலில் காசு வரும், கொமியூனிகேஷன் கடையில் ரொறன்ரோவுக்குக் கோல் எடுக்கலாம், ஆனால் மீன் வாங்கித் தர ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குள் கால் வைத்திராத பெண்கள் கையில் பையைக் கொடுத்தது போர்தான். விடுதலை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கிடைத்ததை அவர்கள் விடவில்லை.

அந்தக் காலத்தில் வெளியே போவதே அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் போவதுதான். சோதனைச் சாவடியில் "எங்கே போகிறாய், ஏன் போகிறாய்" என்ற கேள்விக்கு மரக்கறிப் பையை விட நல்ல பதில் இருக்கவில்லை. முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பையை அதிகம் கிளறமாட்டார்கள். பாஷையும் சந்தையில்தான் வந்தது. வடக்கிலிருந்து வந்த பல பெண்கள் முதன்முதல் வாய் திறந்து பேசிய சிங்களம் "கீயத?" என்பதும் "பொட்டக் அடு கரன்ன" என்பதுந்தான். விலையைக் கேட்கவும் குறைக்கச் சொல்லவும் அது போதும். கொழும்பில் பிறந்து வளர்ந்த சிநேகிதி ஒருத்தி பக்கத்தில் நின்றால் மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் அந்த ஏற்பாடுகள் எல்லாம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கின என்பது தெரிந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். அரச கணக்குப்படி 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள். 'கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை' என்பதே குற்றம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு நகரத்தில் இருப்பதற்கே காரணம் காட்ட வேண்டிய நிலை பெண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்த அதிகாலையில் ஆண்களும் கண்டார்கள்.

12 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 21இல், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தே கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது பையின் அர்த்தம் மறுபடி மாறியது. அதுவரை குற்றமற்றவள் என்பதற்குச் சாட்சியாக இருந்த பையைக் கடை வாசலில் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. ஏப்ரல் 29 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடும் உடை தடைசெய்யப்பட்டது. அதன் பின் பல முஸ்லிம் பெண்கள் கடைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். யாருடைய கையிலிருக்கும் பை சந்தேகத்துக்குரியது என்பது இந்த நகரத்தில் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது.

போரைப் பற்றி இவ்வளவு சொன்னது போதும். சந்தைக்குள் போவோம்.

முதலில் நாட்காட்டி. வெள்ளவத்தைச் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. சில வீடுகளில் செவ்வாயும் இல்லை. புரட்டாதிச் சனி, நவராத்திரி, கேதாரகௌரி, கந்தசஷ்டி ஆறு நாள் என்று ஆவணி முடிந்தால் மீன்காரரின் தமிழ் வாடிக்கை மெலியும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி விலகும், மீன் வரலாம். ஒருத்தி சைவம், மற்றவள் வேதம் என்றிருக்கும் சிநேகிதிகளை எனக்குத் தெரியும். அவர்கள் இந்த இரண்டு நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். வெள்ளி மயூரபதி அம்மன் கோயிலும் மரக்கறியும். சனி அல்லது ஞாயிறு மீன். கோயில் முடிந்து சந்தைக்குள் போனால் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் கட்டுகளை இரண்டு பேரும் புரட்டிப் பார்ப்பார்கள். கீரைக் கட்டின் உட்பக்கத்தைப் பிரித்துப் பாராமல் வாங்குகிறவள் இன்னும் குடும்பம் நடத்தப் பழகவில்லை என்பது அவர்களுடைய தீர்ப்பு.

பிறகு மில். நேரத்தை நியாயமாக வீணாக்கத் தமிழர் கண்டுபிடித்த இடங்களில் இது தலையானது என்பேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வீட்டில் பதமாக வறுத்து, சட்டியோடோ பையோடோ மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வரிசை இருக்கும். முதற் கேள்வி, "முன்னம் என்ன அரைச்சது?" ஏனென்றால் மில்லின் வயிற்றில் முந்தியவரின் தூள் ஒரு பிடியாவது கிடக்கும். தூளுக்குப் பின்னால் தூள் என்றால் பாதகமில்லை. அரிசிமா அரைக்க வந்தவர் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் நிற்கமாட்டார், அடுத்த முறைக்குக் காத்திருப்பார். மெஷின் ஓடத் தொடங்கினால் பேச்சை உரத்துப் பேச வேண்டும், தும்மலும் வரும். உரத்துப் பேசினாலும் பக்கத்திலிருப்பவருக்கு மட்டுமே கேட்கும் என்பது அங்குள்ள வசதி. மருமகளைப் பற்றியும், மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றியும், மகன் அனுப்பாமல் விட்ட காசைப் பற்றியும் பேசுவதற்கு இவ்வளவு பாதுகாப்பான இடம் நாலு சுவருக்குள் கிடையாது. தூள் சூடாக வெளியே வரும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பழுதாகும், ஆகவே கடதாசியில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறுவதற்கு இன்னும் கால் மணி நேரம். "ஏன் பிந்தினது?" என்று வீட்டில் கேட்டால், "தூள் ஆறவேணுமே" என்பது மறுக்க முடியாத பதில். அரைத்த தூளில் பாதி எப்படியும் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகும் பார்சலுக்குத்தான்.

வெள்ளவத்தை சின்ன இடம். அங்கே ஒருத்தி தும்மினால் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் அன்றிரவே வாட்ஸ்அப்பில் சுகம் விசாரிப்பாள். ஆகவே உண்மையாக விலகிப்போக நினைப்பவர்கள் ஊர் மாறுவார்கள். இரத்மலானைப் பக்கமிருந்து காலி வீதியால் வந்து, பம்பலப்பிட்டி, நகர மண்டபம், மருதானை கடந்து மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தை அடங்கும் கொழும்பு 6ஐயும் கொட்டாஞ்சேனை அடங்கும் 13ஐயும் இணைக்கிறது. வேகத்துக்குப் பேர் போன பஸ் அல்ல அது. இருக்க இடம் கிடைத்த இரண்டு சிநேகிதிகளுக்கு அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. "கொட்டாஞ்சேனையில் மீன் நல்லது, மலிவு" என்பது வீட்டில் சொல்லும் காரணம். காரணத்தில் பொய்யில்லை. முகத்துவாரம் துறைமுகம் கிட்ட இருக்கிறது. புறக்கோட்டை சென் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்குப் போன பிறகும் அது களனி ஆற்றுக்கு அப்பால் அதிக தூரத்தில் இல்லை. ஆனால் திரும்பும்போது மீன் நாறும் என்று ஓட்டோ பிடிப்பார்கள். மீனில் மிச்சம் பிடித்த காசு அந்த மீற்றரில் போய்விடும். இருவருக்கும் அது தெரியும். கணக்குக் கேட்பவருக்கு மட்டும் மீன் விலை சொல்லப்படும்.

கொட்டாஞ்சேனைக்குத் தன் முகம் வேறு. துறைமுகத்தை நம்பி வளர்ந்த பகுதி. சாந்த லூசியாள் பேராலயத்தின் குவிமாடமும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பணி செய்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தவர், மலையகத்திலிருந்து வந்தவர், கொழும்புச் செட்டிகள், பரதவர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள். தமிழே நாலு விதமாகக் கேட்கும். "வாங்கக்கா, பாரை இப்பத்தான் வந்துச்சு" என்று கூப்பிடும் குரலுக்கு, "செவுளைத் தூக்கிக் காட்டும் பாப்பம்" என்று வடமராட்சிப் பேச்சில் பதில் போகும். செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் உள்ளே குழிந்திருக்கக் கூடாது, விரலால் அமத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும்.

இங்கே சிநேகிதி வெறும் துணை அல்ல, பங்காளி. முழு மீன் துண்டு மீனை விட மலிவு. ஆனால் மூன்று கிலோப் பாரையை வாங்கி என்ன செய்வது? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு கிழடுகள். இருவர் சேர்ந்தால் முழு மீன் வாங்கலாம். வெட்டுபவர் பாதியாகப் பிரித்து இரண்டு பைகளில் போடுவார். தலையைப் பாதியாக்க முடியாது, போன முறை உனக்கு, இந்த முறை எனக்கு. எழுதாத கணக்கு, ஆனால் இருவருமே மறப்பதில்லை. பழைய சோனகத் தெருவில் மொத்த விலைக்கு வாங்கும் பருப்பும் வெங்காயமும் இப்படித்தான் இரண்டாகும். இந்தக் கூட்டுக் கொள்வனவுக்குப் பொருளியலில் பெரிய பெயர்கள் உண்டு. இவர்கள் அதைச் செய்வது அடுத்த முறையும் சேர்ந்து போவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவும் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னச் செலவு. ஒரு ஃபலூடா, அல்லது ஒரு மரக்கறி ரொட்டியும் பிளேன்ரியும். மானிடவியலாளர் டேனியல் மில்லர் வட லண்டனில் ஒரு தெரு மக்களின் கடைப் பயணங்களைக் கூடவே நடந்து கவனித்து 1998இல் 'எ தியறி ஒஃப் ஷொப்பிங்' என்ற நூலை எழுதினார். சாமான் வாங்குவது பெரும்பாலும் தனக்காக அல்ல, வீட்டிலிருப்பவர்கள் மீதுள்ள அன்பின் செயல் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, வாங்கும் பெண் கடைசியில் தனக்கென்று வாங்கிக்கொள்ளும் சின்ன விருந்து. அது ஒன்றுதான் தனக்கு என்றால், மற்றதெல்லாம் பிறருக்கு என்றுதானே பொருள்? மில்லரின் லண்டன் பெண்கள் அந்த விருந்தைத் தனியே தின்றார்களா என்பதை விட, வெள்ளவத்தைப் பெண்கள் தனியே தின்னமாட்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனியே கடைக்குள் இருந்து ஃபலூடா குடிக்கும் அம்மாவைப் பார்த்தால் ஊர் கதைக்கும். இரண்டு பேர் என்றால் "களைச்சுப் போச்சினம்" என்று விட்டுவிடும். ஒருத்தியின் ஆசைக்கு மற்றவளின் களைப்பு சாட்டு.

இதை ஓர் இனிமையான பழக்கமாக மட்டும் வருணித்துவிட்டுப் போக முடியாது. பாரம் தூக்குவது வேலை. மாடி ஏறுவது வேலை. வந்ததும் மீனைக் கழுவிச் சமைப்பதும் அவளே. வேலைக்குள் ஒளித்து வைத்தால்தான் ஓய்வு கிடைக்கும் என்ற நிலையைக் கொண்டாட ஒன்றுமில்லை. சந்தையின் மறுபக்கத்தில் கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் காலை நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த இடம் எதிலிருந்தும் தப்பிக்கும் இடமல்ல. அவள் தப்பிப்பது வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போதுதான். மேட்டுக்குடிக் கொழும்பு சனிக்கிழமைகளில் இயற்கை விவசாய மரக்கறி வாங்கப் போவதை 'அவுட்டிங்' என்று பெருமையாகச் சொல்கிறது. கொட்டாஞ்சேனைப் பெண் அதையே 'போய் வாங்கிட்டு வந்தன்' என்பதற்கு மேல் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதால்தான் அது அவளுக்கு மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பழக்கம் எதனால் ஆனது என்பது அது நின்றபோது தெரிந்தது. 2020 மார்ச் 20இல் கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு. கொழும்பில் அது மே 26 வரை நீடித்தது. மரக்கறி லொறி ஒழுங்கைக்குள் வந்தது, பாண் வந்தது, பால்மாவும் வீட்டுக்கு வந்தது. சாமானுக்கு வழி கிடைத்தது. பிறகு அத்தியாவசியத் தேவைக்கு வெளியே போக அனுமதித்தபோது ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள்: அடையாள அட்டையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் திங்கள், 3, 4 என்றால் செவ்வாய், இப்படியே வெள்ளிவரை. வீட்டுக்கு ஒருவர். தொற்றைத் தடுக்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கடைசி இலக்கம் 2 உள்ளவளும் 7 உள்ளவளும் இனிச் சேர்ந்து சந்தைக்குப் போக முடியாது. சிநேகிதத்தை இலக்கம் பிரித்தது. அந்த ஒக்டோபரில் கிளம்பிய இரண்டாவது அலை பேலியகொடை மீன் சந்தையிலும் பரவியதும் கொட்டாஞ்சேனையும் அயற் பகுதிகளும் மறுபடி முடக்கப்பட்டன. மீன் என்ற சொல்லே பயமாகிய நாட்கள் அவை. நவம்பரில் புறக்கோட்டை மனிங் சந்தையும் பேலியகொடைக்குப் போயிற்று.

2022 வேறு வகையில் அடித்தது. மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு, காஸ் வரிசை, பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறக்குறைய இரட்டித்தது என்று அதற்குப் பொருள். அந்த மாதங்களில் சந்தையில் சிரிப்புச் சத்தம் குறைந்தது. விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்வதில் ஒரு கூச்சம் உண்டு. தெரிந்தவள் பக்கத்தில் நின்றால் அது கூடும். சில பெண்கள் அதனாலேயே தனியே போகத் தொடங்கினார்கள். வேறு சிலர் முழு மீனை நாலாகப் பிரித்தார்கள், கால் கிலோவாக வாங்கினார்கள், ஃபலூடாவை விட்டு வெறும் தேத்தண்ணியோடு நின்றார்கள். சின்ன விருந்து சுருங்கினாலும் பயணம் நிற்கவில்லை. 1970களில் பாணுக்கும் அரிசிக்கும் கூப்பன் கடை வரிசையில் நின்ற தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். வரிசையும் ஒரு கூட்டந்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போரும் நோயும் விலையும் நிறுத்த முடியாத பழக்கத்தை வசதி நிறுத்திவிடக்கூடும். கார்கில்ஸ் தன் முதல் ஃபூட் சிட்டியை 1983இல் ஸ்டேப்பிள் வீதியில் திறந்தபோது சூப்பர் மார்க்கற் ஒரு புதுமை. இன்று காலி வீதியில் சில நிமிட நடைக்கு ஒன்று இருக்கிறது. அங்கேயும் சேர்ந்து போகலாம், குளிரூட்டி உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேரம் இல்லை. மீன் ஏற்கெனவே துண்டாகிக் கிடக்கிறது. தூள் பக்கற்றில் இருக்கிறது, ஆறவிட வேண்டியதில்லை. சந்தைப்படுத்தல் ஆய்வாளர் எட்வர்ட் டோபர் 1972இல் 'மக்கள் ஏன் கடைக்குப் போகிறார்கள்?' என்று கேட்டு எழுதிய கட்டுரையில், பொருள் தேவை என்பது பல காரணங்களில் ஒன்று மட்டுமே என்றார். சலிப்பிலிருந்து மாற்றம், நடை, பிறரோடு பழக்கம், பேரம் பேசும் இன்பம் ஆகியவற்றையும் அவர் எண்ணினார். போனில் அழுத்தினால் வீட்டுக்கு வரும் சாமான் பொருள் தேவை ஒன்றைத் தீர்க்கும். மற்றவற்றுக்கு அது பதிலல்ல. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, "அம்மா, நீங்கள் ஏன் வெயிலுக்குள் அலையிறியள்? நான் இஞ்சையிருந்தே ஓர்டர் பண்ணிவிடுறன்" என்று அன்பாகத்தான் சொல்கிறது. அந்த அன்பு அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிவிடுகிறது. பை போனால் வெளியே போகும் காரணமும் போகும். முழங்கால் வலியை விட வேகமாக ஒரு கிழவியை வீட்டுக்குள் இருத்திவிடுவது இதுதான்.

ஆகவே சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். மாநகர சபை சந்தைகளைத் திருத்தும்போது கடைகளின் எண்ணிக்கையையும் வாகனத் தரிப்பிடத்தையும் மட்டும் வரைபடத்தில் காட்டாமல், இரண்டு பேர் பைகளை இறக்கி வைத்து இருக்கக்கூடிய வாங்குகளையும், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறையையும், இருட்டிய பிறகு வெளிச்சத்தையும் சேர்க்க வேண்டும். சந்தையை இடம் மாற்றினால் அங்கே போகும் பஸ்ஸையும் யோசிக்க வேண்டும். பிள்ளைகள் காசு அனுப்பட்டும்; ஓர்டரை அம்மாவே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டிலிருக்கும் ஆண்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: அவர்கள் திரும்பி வந்ததும் "அரைக் கிலோ பயித்தங்காய்க்கு இவ்வளவு நேரமோ?" என்று கேளாதீர்கள். பையை வாங்கி, மீனைக் கழுவி வையுங்கள்.